ஃபேனை நிறுத்திவிட்டு வெஸ்பர்டைன் கேளுங்கள்

கேள்வி இதுதான்: “பாடகி பியோர்க்கின் ‘வெஸ்பர்டைன்’ ஆல்பம் கனவு மாதிரி இருக்கும் என்கிறார்கள். ஆர்கெஸ்ட்ரா, நாட்டார் இசை, எலக்ட்ரானிக் எல்லாம் கலந்தது என்கிறார்கள். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் பாதியில் தூங்கிவிட்டேன். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?”

தூங்கியதில் தப்பே இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், எதில் கேட்டீர்கள்? நான் முதல் தடவை கேட்டது போன் ஸ்பீக்கரில். தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ ஒரு பெண் முனகுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான், ஃபைல்தான் சரியில்லை போல என்று நினைத்து விட்டுவிட்டேன். பல மாதம் கழித்து ஒரு ராத்திரி கரண்ட் போனது. புழுக்கத்தில் தூக்கம் வராமல் இயர்போனை மாட்டிக்கொண்டு கையில் பட்டதைப் போட்டேன். இரண்டாவது பாட்டு ‘கோக்கூன்’ ஓடும்போது குரலுக்குப் பின்னால் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சத்தம். இயர்போன் ஒயர் சட்டையில் உரசுகிறது என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் படுத்துப் பார்த்தேன், அப்போதும் வந்தது. அட, தாளமே அதுதான்! எங்கள் வீட்டு ஃபேன் இத்தனை நாளாக அந்த ஆல்பத்தின் தாளம் மொத்தத்தையும் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

அதனால்தான் கேட்டேன். இந்த ஆல்பத்தை முதல் தடவையே பிடித்துப்போனவர்களைவிட, ஒன்றுமே இல்லையே என்று தள்ளி வைத்து அப்புறம் எப்போதோ சிக்கிக்கொண்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தக் ‘கனவு மாதிரி’ என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். ட்ரீம் பாப் என்று பொதுவாகச் சொல்லப்படும் இசையில் கனவு எப்படி உண்டாகிறது என்றால், எல்லாவற்றின் மீதும் எதிரொலியைக் கொட்டி. கிட்டார் எது, குரல் எது என்று பிரிக்க முடியாத அளவுக்கு ஒரு மூட்டம், பாடுகிறவர் மூட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்பார். வெஸ்பர்டைன் நேர்மாறு. இதில் சத்தங்கள் மங்கலாக இல்லை, ஊசி முனை மாதிரி இருக்கின்றன. குரல் எங்கோ தூரத்திலிருந்து வரவில்லை, உங்கள் தலையணையில் படுத்துக்கொண்டு பேசுகிறது. கோக்கூனில் பியோர்க் மூச்சை உள்ளே இழுப்பதும் எச்சில் ஈரத்தோடு உதடு பிரிவதும்கூடக் கேட்கும். (வரிகளும் அவ்வளவு நெருக்கமானவைதான், கூட்டுக் குடும்பத்து ஹாலில் வைத்துக் கேட்கிற பாட்டு இல்லை.) அரைத்தூக்கத்தில் இருக்கும்போது சின்னச் சின்னச் சத்தமெல்லாம் பெரிதாகக் கேட்குமே, சொட்டுகிற குழாய், பக்கத்தில் படுத்திருப்பவர் மூச்சு, அந்த மாதிரிக் கனவு இது.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும். பியோர்க் ஐஸ்லாந்துக்காரர். 1997இல் அவர் வெளியிட்ட ‘ஹோமோஜெனிக்’, நரம்பு வாத்தியங்களும் எரிமலை வெடிப்பு மாதிரியான பீட்டுகளும் மோதிக்கொள்ளும் ஆல்பம். ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அதற்கு அடுத்து லார்ஸ் வான் ட்ரையரின் ‘டான்சர் இன் தி டார்க்’ படத்தில் நடிக்கப் போனார். கண்பார்வை போய்க்கொண்டிருக்கும் செல்மா என்ற தொழிற்சாலைத் தொழிலாளி வேடம். மெஷின்களின் தடதடப்பு அவள் தலைக்குள் பாட்டாக மாறும், அந்தப் பாட்டுகளுக்கும் பியோர்க்கே இசையமைத்தார். 2000ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் படத்துக்கு விழாவின் முதல் பரிசான தங்கப்பனை, அவருக்குச் சிறந்த நடிகை விருது. ஆனால் அந்தப் படப்பிடிப்பு அவரை உலுக்கி எடுத்துவிட்டது, இனி நடிப்பே வேண்டாம் என்றார்.

அந்த இரைச்சலுக்கும் அழுகைக்கும் நடுவே ஓடி ஒளிந்துகொள்ள அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அதுதான் வெஸ்பர்டைன். இந்த ஆல்பத்துக்கு அவர் முதலில் வைத்திருந்த பெயர் ‘டொமெஸ்டிகா’, அதாவது வீடு சம்பந்தப்பட்டது. செல்மாவுக்குத் தொழிற்சாலைச் சத்தம் பாட்டானது போல இங்கே வீட்டுச் சத்தம் பாட்டாகிறது. அப்போதுதான் அவர் லேப்டாப்பில் தானே உட்கார்ந்து இசையைக் கோக்கவும் பழகியிருந்தார். ஸ்டுடியோவுக்குப் போக வேண்டியதில்லை, படுக்கையில் உட்கார்ந்தே ஒரு சத்தத்தை நூறு துண்டாக நறுக்கலாம். அமெரிக்கக் கலைஞர் மாத்யூ பார்னியோடு புதிதாகக் காதல் தொடங்கியிருந்த காலமும் அதுதான், பாட்டுகளைக் கேட்டால் சொல்லாமலே தெரியும். கடைசியில் வைத்த பெயருக்கு அந்திக்குரியது என்று பொருள், பொழுது சாய்ந்தபின் விழிக்கிற பூ, பூச்சி, பறவைகளுக்கு உயிரியலில் சொல்லும் சொல். 2001 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சுயாதீன இசைக் கம்பெனியான ஒன் லிட்டில் இந்தியன் வழியாக வெளிவந்தது. 12 டிராக், சுமார் 55 நிமிடம்.

இனி எலக்ட்ரானிக் பக்கம். எலக்ட்ரானிக் என்றதும் திம் திம் என்று நெஞ்சில் இடிக்கிற டிரம்மைத் தேடுவோம், இதில் அது கிடைக்காது. சீட்டுக்கட்டைக் கலைக்கிற சரசரப்பு, ஐஸ் உடைகிற சத்தம், பனியில் நடக்கிற நறநற, இப்படி அன்றாடச் சத்தங்களை மைக்கில் பிடித்து, துண்டு துண்டாக வெட்டி அடுக்கித் தாளம் செய்திருக்கிறார்கள். மைக்ரோபீட் என்று இதற்குப் பெயர். இதற்காக அவர் கூப்பிட்டது மாட்மோஸ் என்ற இருவர் குழுவை, அப்போது சான்பிரான்சிஸ்கோவில் இருந்தார்கள். இவர்கள் எப்பேர்ப்பட்ட ஆட்கள் என்றால், அதே 2001இல் அறுவை சிகிச்சைச் சத்தங்களை வைத்து ஒரு முழு ஆல்பம் செய்தவர்கள், உடம்பிலிருந்து கொழுப்பை உறிஞ்சுகிற சத்தம்கூட அதில் துள்ளலான நடனத் தாளமாக வரும். கேட்டுவிட்டு விஷயம் தெரிந்தால் சோறு இறங்காது. அந்த ஆட்களின் கைக்குச் சீட்டுக்கட்டும் ஐஸும் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். கோக்கூனின் எறும்பு ஊர்கிற தாளம் இவர்கள் வேலை இல்லை, ஓபியேட் என்ற பெயரில் இசை செய்யும் டென்மார்க்கின் தாமஸ் க்னாக் செய்தது, பழைய இசைத்தட்டின் பொரபொரப்பை வைத்துக் கட்டியது மாதிரி இருக்கும்.

‘அரோரா’ பாட்டில் முதலில் கேட்பது பனியில் நடக்கிற காலடி, பாட்டு முழுக்க அதுவே தாளம். மேடையில் இதை வாசிக்க வேண்டி வந்தபோது மாட்மோஸின் மார்ட்டின் ஷ்மிட் கல்லுப்பு கொட்டிய ஒரு பெட்டியில் ஏறி, மைக் வைத்து, தாளத்துக்கு ஏற்ப நடந்தார். ஆர்கெஸ்ட்ரா ஒருபுறம், பாடகர் குழு ஒருபுறம், நடுவில் ஒருவர் உப்பில் நடந்துகொண்டிருக்கிறார். வீடியோ இருக்கிறது, தேடிப் பாருங்கள், சிரிப்பு வரும், அப்புறம் சிரிப்பு நின்றுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மியூசிக் பாக்ஸ் சமாச்சாரம். சாவி கொடுத்தால் பாடுமே, மூடியைத் திறந்தால் ஒரு பொம்மை சுற்றுமே, அந்தப் பெட்டிதான். உள்ளே ஓர் உருளை, அதில் முள் முள்ளாகக் குத்தியிருக்கும், உருளை சுற்றும்போது முட்கள் இரும்புச் சீப்பின் பற்களைத் தட்டிவிடும், ஒவ்வொரு பல்லும் ஒரு சுரம். பியோர்க் தன் மெட்டுகளுக்கென்றே பெட்டி செய்து தரச் சொன்னார். செய்கிறவர்கள் வழக்கம்போல மரத்தில், மெத்தென்ற சத்தத்தோடு செய்யப் பார்த்தார்கள். இவர் அதெல்லாம் வேண்டாம், எவ்வளவு கடினமாக முடியுமோ அவ்வளவு கடினமாக, உறைந்துபோன மாதிரி சத்தம் வேண்டும் என்று சொல்லி, கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் செய்ய வைத்தார். ஆறாவது டிராக் ‘ஃப்ராஸ்டி’ முழுக்க அந்தப் பெட்டி மட்டுமே, பாட்டு கிடையாது, இரண்டு நிமிடம்கூட வராது, முடிகிற இடத்தில் அரோராவின் பனிக் காலடி தொடங்கிவிடும்.

கொஞ்சம் யோசித்தால் இந்தப் பெட்டியிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. ஜெனீவாக் கடிகாரக்காரர் அந்துவான் ஃபாவ்ர் 1796இல் இதற்கு வழி செய்ததாகச் சொல்வார்கள். அதாவது மின்சாரம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, ஒரு தடவை பதித்துவிட்டால் மனிதக் கை இல்லாமல் அதே மெட்டை அதே அளவில் திரும்பத் திரும்ப வாசிக்கிற கருவி. இன்று லேப்டாப்பில் கட்டம் கட்டமாகச் சுரத்தை நிரப்பி ஓடவிடுகிறோமே, அந்த சீக்வென்சருக்கு இது கொள்ளுப்பாட்டி. குழந்தைத் தாலாட்டு மாதிரிக் கேட்கிறது, ஆனால் இயந்திரம். பழசையும் புதுசையும் பியோர்க் கலந்தார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், கலக்கவே வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றாகவே இருக்கிற பொருளாகப் பார்த்து எடுத்தார் என்றுதான் நான் சொல்வேன்.

யாழ் மாதிரியான ஹார்ப், மணி மாதிரி ஒலிக்கிற கீபோர்டான செலஸ்டா, கிளாவிகார்ட் என்று மற்ற வாத்தியங்களும் இதே ஜாதிதான், மீட்டினால் டிங் என்று கேட்டுவிட்டு அடங்குகிறவை. கிளாவிகார்ட் இருப்பதிலேயே சத்தம் குறைந்த கீபோர்டு, பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்காது. இவற்றைத் தேர்ந்தெடுத்ததற்கு அப்போது பியோர்க் சொன்ன காரணம் சுவாரசியமானது. 1999இல் இணையத்தில் பாட்டுகளை ஓசியில் பகிர்ந்துகொள்ள நாப்ஸ்டர் வந்து, ஊரே எம்.பி.3 இறக்கிக்கொண்டிருந்த நேரம். எப்படியும் என் பாட்டை இறக்கி லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில்தான் கேட்கப் போகிறார்கள், அதிலும் கெட்டுப்போகாத சத்தமாகப் பார்த்து எடுக்கிறேன் என்றார். மற்றவர்கள் நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது இவர் வாத்தியத்தை மாற்றினார்! இதில் ஒரு சின்ன வில்லங்கம் உண்டு, ஒலி நுணுக்கம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். எம்.பி.3 சுருக்கத்தில் முதலில் பிசிறடிப்பதே சட்டென்று தொடங்கும் இந்த மாதிரிச் சத்தங்கள்தான், மீட்டுவதற்கு ஒரு கணம் முன்பே ஒரு நிழல் சத்தம் கேட்கும். ஆனால் பேஸ் சத்தத்தையே தராத சின்ன ஸ்பீக்கர் என்ற கணக்கில் அவர் சொன்னது சரி. திம் திம் போய்விட்டால் டிஸ்கோ பாட்டில் ஒன்றும் மிஞ்சாது, இதில் மணிச்சத்தம் அப்படியே வந்து சேரும். (ஃபேனோடு போட்டிபோட்டால் மட்டும் தோற்றுவிடும், அது நம் ஊர்ப் பிரச்சினை.)

ஹார்ப் வாசித்தது ஸீனா பார்க்கின்ஸ், நியூயார்க்கின் சோதனை இசை வட்டாரத்தில் மின்சார ஹார்ப்பை வைத்து அலற விட்டவர். இங்கே அவ்வளவு அடக்கமாக வாசிக்கிறார். ஆர்கெஸ்ட்ராவை எழுதியது வின்ஸ் மெண்டோசா, அதற்கு முந்தைய வருடம்தான் கனடாப் பாடகி ஜோனி மிட்சலின் ஒரு முழு ஆல்பத்துக்கு ஆர்கெஸ்ட்ரா எழுதியிருந்தார். சினிமாவில் கட்டக்கடைசியில் வயலின்கள் பொங்கி வந்து நம்மை அழவைக்குமே, அந்த வேலையை இங்கே அவர் பெரும்பாலும் செய்யவில்லை. சாளரத்துக்கு வெளியே இருட்டு இருப்பது மாதிரி ஆர்கெஸ்ட்ரா பின்னால் இருக்கும். முதல் பாட்டு ‘ஹிடன் பிளேஸ்’ கவனியுங்கள், பல்லவிக்கு முன்னால் வரை பூச்சி அரிக்கிற மாதிரிச் சத்தங்கள் மட்டும், பல்லவியில் ஒரு பெண்கள் பாடகர் குழு சூடான மூச்சு மாதிரி வந்து மூடும். குளிரில் இருந்தவர் மேல் கம்பளியைப் போர்த்துவது போல. மூன்றாவது பாட்டு ‘இட்ஸ் நாட் அப் டு யூ’வில்தான் ஆர்கெஸ்ட்ராவும் பாடகர் குழுவும் சேர்ந்து முழுதாகத் திறந்துகொள்ளும், ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டை யாருக்காவது போட்டுக்காட்ட வேண்டும் என்றால் நான் அதைத்தான் போடுவேன்.

ஆனால் மற்றவர்களிடம் கேட்டால் ‘பேகன் பொயட்ரி’ என்பார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. மீட்டுகிற வாத்தியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அடியில் ஒரு பேஸ் உருண்டு, எல்லாம் உச்சத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று மொத்தமும் நின்றுவிடும். வெறும் குரல். அவனைக் காதலிக்கிறேன், அவனைக் காதலிக்கிறேன் என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார், குரல் கீறுகிறது, உடைகிறது, பாட்டுக்கும் புலம்பலுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. அப்போது பின்னாலிருந்து சில குரல்கள், அவள் அவனைக் காதலிக்கிறாள் என்று பதில் சொல்லும், அடுத்த வீட்டுப் பெண்கள் சன்னல் வழியாகப் பார்த்துப் பேசிக்கொள்கிற மாதிரி. ஆல்பம் முழுக்கக் கிசுகிசுத்தவர் அங்கே கத்துவதால்தான் அந்த இடம் அப்படித் தைக்கிறது, அதைத் தனியாக எடுத்துக் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். பத்தாவது, பதினொன்றாவது வரும்போது எனக்கே கொஞ்சம் கண் சொக்கும். ‘ஹார்ம் ஆஃப் வில்’ அழகாகத்தான் இருக்கிறது, நகரத்தான் மாட்டேன் என்கிறது. நீங்கள் தூங்கியது அங்கே என்றால் உங்களோடு சண்டையே இல்லை. ‘சன் இன் மை மவுத்’ ஈ. ஈ. கம்மிங்ஸின் ஒரு கவிதைக்கு மெட்டுப் போட்டது, சின்னதாக வந்துவிட்டுப் போய்விடும். ‘ஆன் எக்கோ, அ ஸ்டெய்ன்’ ஒன்று மட்டும் இந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்ட பயம் மாதிரி, பிரிட்டிஷ் நாடகாசிரியர் சாரா கேனின் நாடகம் ஒன்றிலிருந்து பிறந்த பாட்டு, ராத்திரி தனியாகக் கேட்க வேண்டாம். கடைசிப் பாட்டு ‘யூனிசன்’, ஆறே முக்கால் நிமிடம், அதில் ஓடுகிற எலக்ட்ரானிக் துணுக்கு ஜெர்மனியின் ஓவல் குழுவிடமிருந்து எடுத்தது. ஓவல்காரர்கள் சிடிமீது வேண்டுமென்றே கிறுக்கி, பெயின்ட் பூசி, அது திக்கித் திக்கி ஓடுகிற சத்தத்திலேயே இசை செய்தவர்கள். திக்குகிற சிடியிலிருந்து வந்த துணுக்கின் மேல் ஒரு கல்யாணப் பாட்டு மாதிரி மெட்டு, பாடகர் குழு, எல்லாரும் சேர்ந்து பாடி முடிக்கிறார்கள்.

சரி, நாட்டார் இசை எங்கே என்று கேட்டீர்கள். உள்ளதைச் சொன்னால், மூன்றில் அதுதான் குறைவு. ஐஸ்லாந்து நாட்டுப்பாடல் எதுவும் நேரடியாக இதில் இல்லை. மெட்டுகளின் எளிமையிலும், தாலாட்டுச் சாயலிலும், பாதி பேசிப் பாதி பாடுகிற அவர் பழக்கத்திலும்தான் அது இருக்கிறது. சுற்றுப்பயணத்தின்போதுதான் அந்தப் பக்கம் கனம் கூடியது, கிரீன்லாந்திலிருந்து அங்கத்திய பூர்வகுடிகளான இன்யூட் பெண்களின் பாடகர் குழு ஒன்றைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள், பார்க்கின்ஸ், மாட்மோஸ், ஓர் ஆர்கெஸ்ட்ரா, இவ்வளவு பேரோடு ஸ்டேடியங்களை விட்டுவிட்டு ஓபரா அரங்குகளாகப் பார்த்துப் போனார். 2001 டிசம்பரில் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் பாடியது படமாக வந்திருக்கிறது, உப்புப் பெட்டியை அதில்தான் பார்க்கலாம். பின்னால் 2018இல் ஜெர்மனியின் மான்ஹைம் ஓபரா இந்த ஆல்பம் முழுவதையும் ஓபராவாகவே மேடையேற்றியது.

நாட்டார் வாசனை தூக்கலாக வேண்டும் என்றால் ஜோனா நியூசமின் ‘ஈஸ்’ (2006) கேளுங்கள், ஹார்ப்பும் ஆர்கெஸ்ட்ராவும்தான், ஐந்தே பாட்டு, 55 நிமிடம், எலக்ட்ரானிக் வாடையே கிடையாது. ஆர்கெஸ்ட்ராவும் ஊர்ப்புற அமெரிக்க வாசனையும் என்றால் மெர்க்குரி ரெவின் ‘டெசர்ட்டர்ஸ் சாங்ஸ்’ (1998), அதில் ஒருவர் மரம் அறுக்கிற ரம்பத்தை வில்லால் தேய்த்து வாசிப்பார், பேய் அழுகிற மாதிரி இருக்கும். வெஸ்பர்டைனுக்கு ஒன்றுவிட்ட தங்கை வேண்டும் என்றால் அதே ஐஸ்லாந்தின் மூம் குழு 2002இல் செய்த ‘ஃபைனலி வி ஆர் நோ ஒன்’. ஆனால் மூன்றையும் ஒரே வாரத்தில் கேட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் அந்த அன்னப்பறவை. ஆல்பத்தின் அட்டையில் பியோர்க் அணிந்திருப்பது, 2001 ஆஸ்கர் விழாவுக்கு அவர் போட்டுக்கொண்டு போய் உலகமே கேலி செய்த அதே அன்ன உடைதான். கழுத்தைச் சுற்றி அன்னத்தின் கழுத்து, போதாததற்குச் சிவப்புக் கம்பளத்தில் நடந்துகொண்டே முட்டை வேறு இட்டார். ஆடைவிமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவர் அதையே அட்டையில் போட்டு ஐந்து மாதத்தில் கடைக்கு அனுப்பினார். இவ்வளவு கிசுகிசுப்பான ஆல்பத்துக்கு இப்படியொரு தடாலடியான விளம்பரம் என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது முறை முயல்வதாக இருந்தால், முதல் பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல், ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்த்தாலும் பரவாயில்லை, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஃப்ராஸ்டியைப் போடுங்கள், ஷஃபிளை மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அரோரா அடுத்து வராது. பெட்டி பாடி முடித்ததும் யாரோ பனியில் நடக்கத் தொடங்குவார். அந்தக் காலடி உங்கள் இடது காதில் இருக்கிறதா வலது காதில் இருக்கிறதா என்று கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.